லத்தீன் வார்த்தைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லத்தீன் இலக்கியம் படிக்க ஆரம்பிச்சவங்களும் சரி, கையில டாட்டூ குத்துறதுக்கு முன்னாடி ஒரு வரிக்கு அர்த்தம் தெரிஞ்சிக்க வர்றவங்களும் சரி, சுத்திச் சுத்தி கேக்குறது பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். லத்தீன் வார்த்தைகளை பழைய ரோம் உச்சரிப்புக்கு முடிஞ்ச வரை பக்கத்துல எழுதிருக்கேன், ஆனா ஆள் பேர், ஊர் பேர் எல்லாம் நமக்குப் பழகின மாதிரியே விட்டுட்டேன், விர்ஜிலை வெர்கிலியுஸ்னு எழுதுனா பாதிப் பேர் யாருன்னு கேப்பீங்க.

கிளாசிக்கல் லத்தீன்னு சொன்னா எந்தக் காலம்?

தோராயமா கி.மு. 1ஆம் நூற்றாண்டுல இருந்து கி.பி. 2ஆம் நூற்றாண்டு வரைக்கும். இந்தக் காலத்துல எழுதுனவங்க சிசரோ, சீசர், கடுல்லஸ், விர்ஜில், ஹோரஸ், லிவி, ஓவிட், அப்புறம் செனெகா, டாசிடஸ், ஜுவெனல். அதுக்கு முன்னாடி இருந்த ப்ளாட்டஸ், டெரன்ஸ் நாடகங்களையும் இதோட சேர்த்துத்தான் படிப்பாங்க. சர்ச்ல பாடுற லத்தீன் பின்னாடி வந்தது, அதுல நிறைய வார்த்தைக்கு அர்த்தம் மாறிடுச்சு, அதை வச்சுக்கிட்டு விர்ஜிலைப் படிச்சா இடிக்கும்.

டிக்ஷ்னரி கையில இருந்தா போதாதா?

போதாது. டிக்ஷ்னரி அர்த்தங்களை வரிசையா அடுக்கி வைக்கும், அதுல எது இந்த வரியில வேலை செய்யுதுன்னு நாமதான் பாக்கணும், யார் பேசுறா, யார்கிட்ட பேசுறா, அதுக்கு முந்தின வரி என்னன்னு பாக்காம முடிவு பண்ணவே முடியாது. ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துக்காட்டறேன், "கொந்தெரெ". சேத்து வைக்கிறது, பத்திரமா உள்ள வைக்கிறது, ஒளிச்சு வைக்கிறது, புதைக்கிறது, கவிதை கட்டுறது, ஊர் நிறுவுறது, இவ்வளவும் இந்த ஒரே வினைச்சொல்தான். லிவி எழுதுன ரோம் வரலாறுக்குப் பேரே "அப் உர்பெ கொந்திதா", அதாவது ஊர் நிறுவுனதுல இருந்து.

இப்போ விர்ஜிலோட ஈனியட் காவியத்துக்கு வாங்க. டிராய் நகரம் எரிஞ்சு போனப்புறம் ஈனியாஸ்ங்கிறவன் கடல் கடந்து இத்தாலி வந்து, பின்னாடி ரோமா மாறப்போற ஒரு வம்சத்துக்கு அஸ்திவாரம் போடுற கதை. முதல் காண்டம் அஞ்சாவது வரியில "தும் கொந்தெரெத் உர்பெம்", ஒரு ஊரை நிறுவுற வரைக்கும் எவ்ளோ கஷ்டப்பட்டான்னு வருது. 33ஆவது வரியிலயும் ரோமானிய இனத்தை நிறுவுறது எவ்ளோ பெரிய பாடுன்னு அதே வார்த்தை. அப்புறம் கடைசி காண்டமான 12ஆவதுல, காவியமே முடியப்போற இடத்துல, கீழ விழுந்து உயிர்ப்பிச்சை கேக்குற எதிரி டர்னஸோட நெஞ்சுல ஈனியாஸ் வாளை எறக்குறான், அங்க விர்ஜில் போட்ட வினைச்சொல் "கொந்தித்", அதே கொந்தெரெதான். வாளை நெஞ்சுல "உள்ள வச்சான்"னு அர்த்தம் எடுத்துட்டு நகர்ந்துடலாம். ஆனா ஊர் நிறுவுன அதே வார்த்தையை வச்சு ஒரு கொலையைச் சொல்லி காவியத்தை முடிக்கிறான் பாருங்க, அதை எந்த மொழிபெயர்ப்பும் அப்படியே கொண்டு வர முடியாது, ஏன்னா ஊரையும் வாளையும் சேத்துப் பிடிக்கிற ஒரே வினைச்சொல் வேற பாஷைகள்ல லேசுல கிடைக்காது.

"பியெத்தாஸ்"னா பக்தியா?

இதுதான் எல்லாரும் கேக்குற கேள்வி, பதிலும் கொஞ்சம் நீளம். பக்தி அதுல ஒரு பங்குதான். தெய்வத்துக்கு, பெத்தவங்களுக்கு, பிள்ளைங்களுக்கு, ஊருக்குன்னு ஒருத்தன் பட்டிருக்கிற கடனை மனசார செய்யறதுக்குப் பேர் பியெத்தாஸ், அப்படி செய்யறவன் "பியுஸ்". ஈனியாஸுக்கு விர்ஜில் குடுக்குற அடைமொழியே இதுதான். முதல் காண்டத்துல அவனே தன்னை அறிமுகப்படுத்திக்கும்போது "சும் பியுஸ் ஈனியாஸ்"னு சொல்றான். இன்னைக்குப் படிக்கிறவங்களுக்கு என்னடா தற்பெருமைன்னு தோணும், ஆனா அடுத்த வார்த்தைகளையும் படிங்க, எதிரி கையில இருந்து மீட்ட குலதெய்வங்களை என்கூட கப்பல்ல ஏத்திக்கிட்டு வர்றேன்னு போகும். அவன் சொல்றது குணத்தை இல்ல, தலையில இருக்கிற பொறுப்பை.

இந்தக் குணம் கண்ணுக்குத் தெரியுற இடம் ரெண்டாவது காண்டத்துக் கடைசி. ஊர் எரியுது. நடக்க முடியாத அப்பா அங்கைசீஸைத் தோள்ல தூக்கிக்கிறான், குலதெய்வச் சிலைகள் அப்பா கையில, சின்னப் பையன் ஈனியாஸோட வலது கையைப் பிடிச்சிக்கிட்டு அவன் நடைக்கு ஈடு குடுக்க முடியாம ஓடி வர்றான். பொண்டாட்டி க்ரெயூசா பின்னாடி வர்றா. ஊரைத் தாண்டி நின்னு பாத்தா அவ இல்ல. அப்பா வந்துட்டாரு, சாமி வந்துடுச்சு, வாரிசு வந்துடுச்சு, பின்னாடி வந்தவதான் காணாமப் போயிட்டா. பியெத்தாஸுக்கு யார் விலை குடுக்குறாங்கன்னு விர்ஜில் சொல்லவே இல்ல, நடக்குற வரிசையிலயே காட்டிட்டான்.

நாலாவது காண்டத்துல கார்த்தேஜ் ராணி டைடோவை விட்டுட்டுக் கெளம்புறான். அவ அழுது, திட்டி, மயக்கம் போட்டு விழுந்தப்புறம் வர்ற வரி "அத் பியுஸ் ஈனியாஸ்", அதாவது "ஆனா பியுஸான ஈனியாஸ்", அவளைத் தேத்தணும்னு ஆசை இருந்தும், காதல்ல மனசு ஆடிப்போயும், தெய்வக் கட்டளையை நிறைவேத்தப் போனான்னு. படிக்கிறவனுக்குக் கோவம் வர்ற சரியான இடத்துல அந்த அடைமொழி வந்து உக்காருது. பத்தாவது காண்டத்துல இன்னும் மோசம், போர்க்களத்துல வெறி புடிச்சு வெட்டிட்டு இருக்கான், செத்துக்கிட்டு இருக்கிறவனைக் கேலி வேற பண்றான், அங்கயும் பேர் "பியுஸ்"தான். அதே காண்டத்துல அப்பாவைக் காப்பாத்த குறுக்க பாஞ்ச லாசஸ்ங்கிற எதிரி இளைஞனைப் பாத்து "உன் பியெத்தாஸ்தான் உன்னை ஏமாத்துது"ன்னு சொல்லிட்டு வெட்டுறான். வெட்டிட்டு அந்த முகத்தைப் பாத்து அவனே உருகிப் போறான், ஏன்னா அது தன்னோட குணம்தான்னு அவனுக்குத் தெரியுது.

அதனால தமிழ்ல எப்படிப் போடுறதுன்னு கேட்டா, ஒரு இடத்துல கடமை, ஒரு இடத்துல பாசம், கோயில் பக்கம் வந்தா பக்தின்னு மாத்தி மாத்தித்தான் போடணும். ஒரே வார்த்தைதான் வேணும்னு பிடிவாதம் பண்ணா நான் பியெத்தாஸ்னே விட்டுடுவேன்.

"விர்த்தூஸ்" ஒழுக்கமா வீரமா?

ரெண்டும், ஆனா வீரம் முதல்ல. ஆம்பளைக்கு லத்தீன்ல "விர்", அதுல இருந்து வந்ததுதான் விர்த்தூஸ்னு சிசரோவே எழுதி வச்சிருக்காரு. போர்க்களத் துணிச்சல்ல ஆரம்பிச்ச வார்த்தை, கிரேக்க தத்துவத்தை லத்தீன்ல எழுத ஆரம்பிச்சப்போ நல்லொழுக்கம்னு விரிஞ்சிச்சு, செனெகா கிட்ட வரும்போது அது முழுக்க மனசு சம்பந்தப்பட்ட விஷயம். லிவி ஒரு இடத்துல க்ளீலியாங்கிற பொண்ணைப் பத்திச் சொல்றாரு, பிணைக்கைதியா எதிரி முகாம்ல இருந்தவ, மத்த பொண்ணுங்களையும் கூட்டிக்கிட்டு டைபர் ஆத்தை நீந்தியே தப்பிச்சு வந்துட்டா. அதுக்கு ரோமானியர்கள் "பொண்ணுகிட்ட கண்ட புது விர்த்தூஸ்"க்காக, குதிரை மேல உக்காந்த மாதிரி சிலை வச்சாங்களாம். புதுசுன்னு ஏன் சொல்றாருன்னு யோசிங்க, வார்த்தைக்குள்ள ஆம்பளை இருக்கான், அதை ஒரு பொண்ணுக்குக் குடுக்கும்போது லிவிக்கே கொஞ்சம் கூச்சம்.

"கார்பே டியெம்"னா ஜாலியா இருன்னு தானே?

ஹோரஸ் பாட்டு மொத்தமே எட்டு வரி, அதைப் படிச்சிட்டு நீங்களே சொல்லுங்க. லியூகோனோயிங்கிற பொண்ணுகிட்ட பேசுறாரு. நமக்கு எப்போ முடிவுன்னு கேக்காத, பாபிலோன் ஜோசியக் கணக்கெல்லாம் போட்டுப் பாக்காத, இது கடைசி குளிர்காலமா இருக்கலாம் இன்னும் பல இருக்கலாம், வைனை வடிகட்டு, நீளமான ஆசையைக் கத்தரிச்சு விடு, பேசிக்கிட்டு இருக்கும்போதே காலம் ஓடிடுச்சு, அப்புறம்தான் கார்பே டியெம், நாளைக்கின்னு எதையும் ரொம்ப நம்பாத.

"டியெம்"னா நாள். "கார்பே"னா பிடிச்சு இழுக்கிறது இல்ல, பறிக்கிறது. பூப் பறிக்கிறது, பழம் பறிக்கிறது, ஆடு புல்லை மேயறதுக்குக் கூட இதே வார்த்தைதான். கத்தரிச்சு விடுன்னு சொல்ற வினைச்சொல்லும் திராட்சைக்கொடியை வெட்டி விடுறப்போ சொல்றதுதான், பக்கத்துலயே வைன் வேற இருக்கு, ஆக மொத்தமும் தோட்டக்காரன் பேச்சு. பழுத்ததை இன்னைக்கே பறி, நாளைக்கு அழுகிடும். பைக்ல பறக்குற விளம்பரத்துக்கு இந்த வரியை ஏன் போடுறாங்கன்னு எனக்கு இன்னும் புரியல.

சினிமா, டீஷர்ட், ஸ்கூல் பேட்ஜ்ல எல்லாம் வர்ற லத்தீன் மேற்கோள்கள் சரியான அர்த்தத்துல தான் வருதா?

பாதிக்கு மேல எடத்தை விட்டுப் புடுங்கி எடுத்தது. "நான் மனுஷன், மனுஷன் சம்பந்தப்பட்ட எதுவும் எனக்கு அந்நியம் இல்ல", இது மனிதநேயத்தோட உச்சம்னு போஸ்டர் அடிப்பாங்க. கி.மு. 163ல மேடையேறுன டெரன்ஸ் நாடகத்துல வர்ற வசனம் இது. பையன் கோவிச்சிக்கிட்டுப் போருக்குப் போயிட்டான்னு வருத்தத்துல ஒரு பெரியவர் தன்னைத்தானே தண்டிச்சிக்கிட்டு வயல்ல மாடா உழைக்கிறாரு. பக்கத்து நெலத்துக்காரர் க்ரீமிஸ் வந்து ஏன் எதுக்குன்னு துருவுறாரு, அடுத்தவன் விஷயத்துல தலையிட உனக்கு இவ்ளோ நேரம் இருக்கான்னு பெரியவர் கேக்குறப்போ வர்ற பதில்தான் அது. கடைசியில பாத்தா தன் சொந்த வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னே அந்தக் க்ரீமிஸுக்குத் தெரியல. சனங்க சிரிக்கிறதுக்காக எழுதுனது. செனெகா மாதிரி ஆளுங்க பின்னாடி இதை சீரியஸா எடுத்து மேற்கோள் காட்டுனாங்க, அதுவும் தப்பில்ல, வரிக்கு ரெண்டாவது வாழ்க்கை கிடைச்சிருக்கு.

"காவல்காரனை யார் காவல் காப்பா?" இதை ஊழல், போலீஸ்னு வர்ற கட்டுரையில எல்லாம் பாக்கலாம். ஜுவெனலோட ஆறாவது அங்கதக் கவிதையில இது பொண்டாட்டியைப் பூட்டி வைக்கிற பேச்சு. தாழ்ப்பாள் போடு, வீட்டுக்குள்ளயே வைன்னு பழைய சிநேகிதனுங்க அட்வைஸ் பண்றாங்க, சரி, காவலுக்குப் போட்டவனை யாரு காப்பா, உன் பொண்டாட்டி சாமர்த்தியக்காரி, அவங்ககிட்ட இருந்துதான் ஆரம்பிப்பான்னு போகும். அந்தக் கவிதை முழுக்கப் பொம்பளைங்களைத் திட்டுறதுதான், படிக்க நல்லா இருக்காது.

"மென்ஸ் ஸானா இன் கொர்பொரெ ஸானோ", ஆரோக்கியமான உடம்புல ஆரோக்கியமான மனசு. இதுவும் ஜுவெனல், பத்தாவது கவிதை. ஜிம்முக்குப் போனா மூளை வளரும்னு அவர் சொல்லல. மனுஷங்க சாமிகிட்ட கேக்குற பணம், பதவி, நீண்ட ஆயுசு, அழகு எல்லாத்தையும் ஒவ்வொண்ணா கிழிச்சுத் தொங்கவிட்டுட்டு, சரி எதையாவது கேட்டே தீரணும், வெள்ளைப் பன்னிக்குட்டி சாஸேஜை படைச்சே தீரணும்னா இதை மட்டும் கேளுன்னு வர்ற வரி. அந்த சாஸேஜ் இல்லாம இந்த வரியைப் படிக்கக் கூடாதுங்கிறது என் கட்சி.

"துணிஞ்சவனுக்கே அதிர்ஷ்டம் துணை"ன்னு ராணுவப் பேட்ஜ்ல எல்லாம் இருக்குமே, ஈனியட் பத்தாவது காண்டத்துல அந்த வரியைச் சொல்றது டர்னஸ். மேல சொன்னேனே, கடைசியில நெஞ்சுல வாள் வாங்குறவன், அவனேதான்.

தாய்நாட்டுக்காகச் சாகுறது இனிமைன்னு ஹோரஸ் எழுதுனாரே, அவர் போருக்குப் போனாரா?

போனாரு. கி.மு. 42ல பிலிப்பி சண்டையில, சீசரைக் கொன்னவங்கள்ல ஒருத்தனான புரூட்டஸ் பக்கம் நின்னாரு, தோத்துட்டாங்க. இன்னொரு பாட்டுல அந்த நாளை ஞாபகப்படுத்தி, கேடயத்தை "அவ்வளவா நல்லாயில்லாத விதத்துல" போட்டுட்டு வந்தேன்னு தன்னையே கிண்டலடிச்சிக்கிறாரு. கேடயத்துக்கு அவர் போட்ட வார்த்தை "பர்முலா", சின்னக் கேடயம், குட்டிக் கேடயம்னு செல்லமா சொல்ற வடிவம். சாகுறது இனிமைன்னு சொல்ற அந்த "துல்கெ எத் தெகோரும்" வரியில தெகோரும்ங்கிறது பெருமைன்னு மட்டும் இல்ல, ஒருத்தன் நெலைக்குப் பொருத்தமா இருக்கிறது, அழகா அமையறது. ரெண்டு பாட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க.

ஒரே வார்த்தைக்கு நேர் எதிரான ரெண்டு அர்த்தம் எப்படி வருது?

"அல்துஸ்"க்கு உயரம்னும் அர்த்தம், ஆழம்னும் அர்த்தம். கீழ இருந்து பாத்தா உயரம், மேல இருந்து பாத்தா ஆழம், அளவு ஒண்ணுதான், நிக்கிற இடம்தான் வேற. அதனாலதான் கவிதையில "அல்தும்"னு தனியா வந்தா பெரும்பாலும் நடுக்கடல்.

"ஸக்கெர்" இன்னும் சுவாரஸ்யம். தெய்வத்துக்குன்னு ஒதுக்கி வச்சது எல்லாம் ஸக்கெர், கோயிலும் ஸக்கெர், தெய்வக் குத்தத்துக்கு ஆளாகி மனுஷக் கூட்டத்துல இருந்து தள்ளி வைக்கப்பட்டவனும் ஸக்கெர். ரோமோட பழைய சட்டமான பன்னிரண்டு பலகைச் சட்டத்துலயே, தன்னை நம்பி இருக்கிறவனை ஏமாத்துன எஜமான் ஸக்கெர் ஆகட்டும்னு இருக்கு, அது ஆசீர்வாதம் இல்ல. ஈனியட் மூணாவது காண்டத்துல "அவ்ரீ ஸக்ர ஃபமேஸ்"னு வர்றதைப் புனிதமான தங்கப் பசின்னு போட்டா கதை கெட்டுடும், அடைக்கலமா அனுப்பி வச்ச பையனைத் தங்கத்துக்காகக் கொன்ன ராஜாவைப் பத்தின இடம் அது, நாசமாப்போன தங்க வெறின்னு போடணும்.

"ஹொஸ்திஸ்" எதிரி. ஆனா முன்னோர் காலத்துல வெளியூர்க்காரனைத்தான் அப்படிச் சொன்னாங்க, எதிரின்னு நேரா சொல்லாம மென்மையா சொன்னாங்கன்னு சிசரோ விளக்குறாரு. விருந்தாளிங்கிற "ஹொஸ்பெஸ்"ஸும் இதே குடும்பம்தான்.

வதந்திக்கும் புகழுக்கும் ஒரே வார்த்தையாமே?

ஆமா, "ஃபாமா". பேசுறதுங்கிற வேர்ல இருந்து வந்தது, ஊர் பேசுறது எல்லாம் ஃபாமா, நல்லதா பேசுனா புகழ், கெட்டதா பேசுனா வதந்தி. அதே வேர்ல இருந்துதான் "ஃபாத்தும்", தெய்வம் பேசி முடிச்சது, அதாவது விதி. பேச்சு வராத குழந்தை "ஈன்ஃபான்ஸ்". விர்ஜில் நாலாவது காண்டத்துல ஃபாமாவை ஒரு ராட்சசப் பறவை மாதிரி கொண்டு வர்றாரு, எத்தனை இறகோ அத்தனை கண்ணு, அத்தனை நாக்கு, அத்தனை காது, ராத்திரி தூக்கமே கிடையாது, பகல்ல கூரை மேல உக்காந்து வேவு பாக்கும், போகப் போக பலம் கூடும், பொய்யையும் நெசத்தையும் ஒரே மாதிரி புடிச்சிக்கும். டைடோ ஈனியாஸ் சமாச்சாரத்தை ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்புனது அதுதான்.

"ஓடீ எத் அமோ" வரி ஏன் இவ்ளோ ஃபேமஸ்?

கடுல்லஸோட ரெண்டே ரெண்டு வரிப் பாட்டு. வெறுக்குறேன், காதலிக்கிறேன், ஏன் இப்படின்னு கேப்ப போல, தெரியல, ஆனா அப்படி நடக்குதுன்னு உணர்றேன், வதைபடறேன். எண்ணிப் பாருங்க, லத்தீன்ல எட்டு வினைச்சொல் இருக்கு, ஒரு பெயர்ச்சொல் கூட கிடையாது, அவ பேரும் இல்ல, காதல்ங்கிற பேர்கூட இல்ல. நடுவுல "செய்யறேன்"னு இருந்தது "நடக்குது"ன்னு மாறுறதைக் கவனிங்க, தன் கையில எதுவும் இல்லன்னு அங்க ஒத்துக்குறான். கடைசி வார்த்தை "எக்ஸ்க்ருகியொர்", அதுக்குள்ள இருக்கிறது "க்ருக்ஸ்", அடிமைகளை அறைஞ்சு கொல்ற சிலுவை.

ரோம்ல ராஜாங்கிற வார்த்தை கெட்ட வார்த்தைன்னு சொல்றாங்களே?

கிட்டத்தட்ட. கி.மு. 509ல கடைசி ராஜா டார்க்வினைத் துரத்துனதா அவங்க மரபு, அதுக்கப்புறம் அரசியல்ல ஒருத்தனை "ரேக்ஸ்"னு சொன்னா அது குற்றச்சாட்டு. கூட்டம் சீசரை ரேக்ஸ்னு வாழ்த்துனப்போ "நான் சீசர், ரேக்ஸ் இல்ல"ன்னு அவர் சமாளிச்சதா, சீசரோட வாழ்க்கை வரலாறு எழுதுன சூட்டோனியஸ் எழுதுறாரு. ரேக்ஸ்ங்கிறது ரோம்ல ஒரு குடும்பப் பேராவும் இருந்துச்சு, அதனால நீங்க பேரைத் தப்பா சொல்றீங்கங்கிற மாதிரியும் அது கேக்கும், நல்ல தப்பிப்பு. பின்னாடி வந்த அகஸ்டஸ் இன்னும் உஷார், அதிகாரம் மொத்தமும் கையில, பட்டம் மட்டும் "பிரின்கெப்ஸ்", முதல் ஆள்.

வார்த்தையை மாத்திப்போட்டு அதிகாரம் பண்றதைப் பத்தி டாசிடஸ் எழுதுனதுதான் உச்சம். பிரிட்டன்ல ரோமானியப் படையை எதிர்த்து நின்ன கால்ககஸ்ங்கிற தலைவன் வாயில வைக்கிறாரு: திருடுறது, வெட்டுறது, கொள்ளையடிக்கிறதுக்குப் பொய்ப் பேர் வச்சு ஆட்சிங்கிறாங்க, பொட்டல்காடு ஆக்கிட்டு அதை அமைதிங்கிறாங்க. "பாக்ஸ்"னு லத்தீன்ல வந்தா சண்டை இல்லாத நெலைன்னு மட்டும் நெனைக்காதீங்க, பல இடத்துல அடக்கி முடிச்சாச்சுன்னு அர்த்தம். அதை எழுதுனவர் அந்தப் படைக்குத் தலைமை தாங்குன அக்ரிகோலாவோட மருமகன்ங்கிறதையும் மறந்துடாதீங்க.

"எத் தூ ப்ரூட்டே", அதாவது "நீயுமா புரூட்டஸ்", சீசர் சொன்னதா?

இல்ல. அது ஷேக்ஸ்பியர் பிரபலமாக்குனது. சூட்டோனியஸ் சொல்றபடி சீசர் ஒரு வார்த்தையும் பேசாம செத்தாரு, நீயுமா புள்ளேன்னு கிரேக்கத்துல சொன்னதா சிலர் சொல்றாங்கன்னு கூடவே எழுதி வச்சிருக்காரு.

வாக்கியத்துல வார்த்தை எல்லாம் ஏன் கன்னாபின்னான்னு கெடக்குது?

வேற்றுமை உருபு வார்த்தையோடயே ஒட்டியிருக்கிறதால எங்க தூக்கிப் போட்டாலும் யார் யாரை என்ன பண்ணாங்கன்னு தெரிஞ்சிடும், நமக்கு இது புதுசு இல்ல, பழைய செய்யுளைக் கொண்டுகூட்டிப் பொருள் பண்ணிப் பழகினவங்க சீக்கிரம் புடிச்சிடுவாங்க. ஹோரஸ் ஒரு பாட்டை இப்படி ஆரம்பிக்கிறாரு: "க்விஸ் முல்த்தா க்ரகிலிஸ் தே புவெர் இன் ரொஸா". வார்த்தைக்கு வார்த்தை போட்டா, எந்த, நிறைய, மெலிஞ்ச, உன்னை, பையன், ரோஜாவுல. சேத்துப் பாத்தா, ரோஜாக் குவியலுக்கு நடுவுல பிர்ராங்கிற பொண்ணே, எந்த ஒல்லிப் பையன் உன்னைக் கொஞ்சுறான்னு அர்த்தம் வரும், கொஞ்சுறாங்கிற வினை அடுத்த வரியில இருக்கு. இப்போ வரிசையைப் பாருங்க. நடுவுல "உன்னை", அதுக்கு ரெண்டு பக்கமும் "மெலிஞ்ச", "பையன்", அதுக்கும் வெளிய "நிறைய", "ரோஜா". பையன் கை அவளைச் சுத்தி இருக்கு, ரோஜா ரெண்டு பேரையும் சுத்தி இருக்கு, வாக்கியமே அந்தக் கட்டிப்பிடிப்பு. இதை உரைநடை வரிசைக்கு மாத்திப் படிச்சா மிச்சம் ஒண்ணும் இருக்காது.

உச்சரிப்பு எப்படி?

C எழுத்து எங்க வந்தாலும் க-தான், ச கிடையாது, அதனால சிசரோ அவங்க ஊர்ல கிகெரோ. வ-வை உதட்டைக் குவிச்சு சொல்லணும். குறில் நெடில் ரொம்ப முக்கியம், "மலும்"னா கெட்டது, "மாலும்"னா ஆப்பிள், "லிபெர்" புத்தகம், "லீபெர்" சுதந்திரமானவன். லத்தீன் புத்தகத்துல பெரும்பாலும் இந்த வித்தியாசத்தை எழுத்துல காட்ட மாட்டாங்க, நாமதான் யாப்பை வச்சோ இடத்தை வச்சோ கண்டுபிடிக்கணும். படிக்கும்போது ஓரத்துல தமிழ்ல எழுதி வச்சிக்கோங்க, நம்ம எழுத்துல நெடில் தன்னாலயே வந்துடும்.

தமிழுக்கும் லத்தீனுக்கும் உண்மையிலேயே தொடர்பு ஏதாவது உண்டா?

மொழிக்குடும்பம் வேற, அந்த மாதிரி கதை எல்லாம் விட வேணாம். வியாபாரத் தொடர்பு உண்டு. மிளகுக்கு லத்தீன்ல "பிபெர்", கிரேக்கம் வழியா போனது, மூலம் திப்பிலிங்கிற இந்தியப் பேரோட உறவு. கருமிளகு ஒரு ரோமானிய பவுண்டு 4 தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக்காசு), வெள்ளை 7, திப்பிலி 15னு ரோமானிய எழுத்தாளர் பிளினி விலைப்பட்டியலே குடுக்குறாரு, காரத்தைத் தவிர எதுவும் இல்லாத இதை தங்கம் வெள்ளி மாதிரி எடை போட்டு வாங்குறாங்களேன்னு புலம்பல் வேற. அவர் சொல்ற முசிரிஸ் நம்ம முசிறிதான், யவனர் கப்பல் பொன்னோட வந்து கறியோட, அதாவது மிளகோட, திரும்புற ஊர்னு அகநானூறு 149 சொல்லுமே, அது. ஹோரஸ் ஒரு கடிதத்துல, மோசமான கவிதை எழுதுன தாள் கடைசியில சாம்பிராணியும் மிளகும் மடிக்கத்தான் போகும்னு பயப்படுறாரு, நம்மூர்ல கடலை மடிச்சுத் தர்ற பேப்பர் கதிதான் அதுக்கும்.

அப்புறம் வீரமாமுனிவர், அதாவது பெஸ்கி. அவர் 1680ல பொறந்த காஸ்திலியோனே, இத்தாலியில மாந்துவா பக்கம், விர்ஜில் பொறந்ததும் மாந்துவா பக்கத்துலதான். அவர் தமிழ் இலக்கணத்தை லத்தீன்ல எழுதினாரு, தமிழ் லத்தீன் அகராதி போட்டாரு, குறள்ல அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனுக்குக் கொண்டு போனாரு. காமத்துப்பாலை விட்டுட்டாரு, பாதிரியார்னா என்ன பண்றது.

எந்த டிக்ஷ்னரி நல்லது?

1879ல வந்த லூயிஸ் ஷார்ட் அகராதி நெட்ல இலவசம், ஆரம்பத்துக்கு அதுவே போதும். ஆக்ஸ்ஃபோர்ட் லத்தீன் அகராதி 1968ல இருந்து 1982 வரைக்கும் பகுதி பகுதியா வந்தது, கி.பி. 200 வாக்குல நிறுத்திக்கும், கிளாசிக்கல் மட்டும் படிக்கிறவங்களுக்கு அதான் சரி. மியூனிக்ல 1894ல ஆரம்பிச்ச தெசாரஸ்னு ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு வார்த்தையும் எங்க எல்லாம் வருதுன்னு சீட்டுல எழுதி வச்சுத் தொகுக்குறாங்க, இன்னும் முடியல.

எதை முதல்ல படிக்கலாம்?

உரைநடைன்னா சீசர் எழுதுன கால் நாட்டுப் போர் (கால்ங்கிறது இன்னைய பிரான்ஸ் பக்கம்), வாக்கியம் நேரா போகும், வார்த்தையும் கம்மி. கவிதைன்னா கடுல்லஸ், சின்னச் சின்னதா இருக்கும், ஒரு உக்காருல ஒண்ணு முடிச்சிடலாம். ஓவிட் மூணாவது. டாசிடஸை மட்டும் முதல்ல எடுக்காதீங்க, பாதி வார்த்தையை முழுங்கிட்டுத்தான் பேசுவாரு.